ஒரு மெத்தை, ஐந்து உடம்பு: விலை குறைந்த மெமரி ஃபோம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குக் கடந்த சித்திரையில் ஒரு மெமரி ஃபோம் (உடம்புச் சூட்டில் இளகிக் குழியும் ஃபோம்) மெத்தை வந்தது. 78க்கு 72 இன்ச், 6 இன்ச் உயரம். இணையத்தில் தள்ளுபடி போக 12,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதே அளவில் பெரிய பெயருள்ள மெத்தை வாங்கப் போனால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்பார்கள். தை பிறப்பதற்குள் அதில் ஐந்து பேர் படுத்துப் பார்த்துவிட்டார்கள்: அக்கா, மாமா, மாமாவின் அம்மா, கல்லூரியில் படிக்கும் பையன், பிரசவத்துக்கு வந்த மகள். அக்காவுக்கு அது வரம். மாமாவுக்குத் தினமும் காலையில் இடுப்பு வலி. மாமாவின் அம்மா ஒரு வாரம்கூட அதில் தாக்குப்பிடிக்கவில்லை.

நான் திருச்சியில் ஒரு மெத்தைக் கடையில் சில வருடம் வேலை பார்த்தவன். அதனால் வீட்டில் யாருக்கு முதுகு பிடித்தாலும் பஞ்சாயத்து என்னிடம்தான் வரும். இந்த முறை சும்மா அபிப்பிராயம் சொல்லாமல் அளந்து, எடை போட்டு, படம் எடுத்துப் பார்த்தேன். மெத்தை நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. ஒரே மெத்தை ஒரே வீட்டில் ஏன் இப்படி ஆளுக்கு ஒரு மாதிரி நடந்துகொள்கிறது என்பதற்கு ஓரளவு பதில் உண்டு.

தராசு சொன்னது

பெட்டியோடு வந்த சீட்டில் இருந்த விவரம்: மேலே 1 இன்ச் மெமரி ஃபோம், டென்சிட்டி 50. கீழே 5 இன்ச் சாதா ஃபோம், டென்சிட்டி 32. ஆக, 'மெமரி ஃபோம் மெத்தை' என்று வாங்கியதில் ஆறில் ஒரு பங்குதான் மெமரி ஃபோம். இதில் மோசடி எதுவும் இல்லை. இந்த விலையில் வரும் மெத்தைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மெமரி ஃபோம் மட்டுமே வைத்து ஆறு இன்ச் செய்தால் ஆள் உள்ளே போய்விடுவார். தாங்குவதற்கு அடியில் வேறு ஃபோம் வேண்டும். விளம்பரம் மேலே உள்ள ஒரு இன்ச்சைப் பற்றியே பேசும். உடம்பைத் தாங்குவது கீழே உள்ள ஐந்து இன்ச்.

டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கும் என்ற கணக்கு, அவ்வளவுதான். கடையில் "40 டென்சிட்டி சார், நல்லா கெட்டியா இருக்கும்" என்று சொல்வோம். கெட்டித்தனத்துக்கும் டென்சிட்டிக்கும் நேரடி சம்பந்தம் இல்லை. 60 டென்சிட்டியில் மெத்தென்று அமுங்கும் மெமரி ஃபோமும் உண்டு, 28இல் விறைப்பான சாதா ஃபோமும் உண்டு. டென்சிட்டியை வைத்துச் சொல்லக்கூடியது உழைப்பைத்தான். ஒரே ரக ஃபோமில் கிலோ கூடினால் பள்ளம் விழ நாளாகும்.

மெத்தை சுருளாகத்தான் வந்தது. பிரிக்கும் முன் அப்படியே குளியலறைத் தராசில் நிறுத்தினோம். 18.9 கிலோ. பிறகு மேல் உறையின் ஜிப்பைக் கழற்றி உறையை மட்டும் எடை போட்டதில் 1.9 கிலோ. ஃபோம் மட்டும் 17 கிலோ. இனி பள்ளிக்கூடக் கணக்கு: 78 x 72 x 6 இன்ச் என்பது சுமார் 0.55 கன மீட்டர். மேல் ஒரு இன்ச் 0.092 கன மீட்டர், அது உண்மையிலேயே 50 டென்சிட்டி என்றால் 4.6 கிலோ. மீதி 12.4 கிலோவை அடி ஃபோமின் 0.46 கன மீட்டரால் வகுத்தால் 27 வருகிறது. சீட்டில் போட்டிருந்தது 32. அப்படி இருந்திருந்தால் ஃபோம் மட்டும் 19 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். விற்ற நிறுவனத்திடம் மாமா கேட்டார். "உற்பத்தியில் சிறு வேறுபாடு இருக்கலாம்" என்று ஒரு வரி பதில் வந்தது. ஐந்து புள்ளி சிறு வேறுபாடா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எடை கூடுதலாக இருந்தால் மட்டும் சந்தோஷப்பட்டுவிடவும் முடியாது. மலிவான ஃபோமில் சுண்ணாம்புப் பொடி கலந்து எடையைக் கூட்டுவது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்படிப்பட்ட ஃபோம் தராசில் 40 காட்டும், சில மாதத்தில் தூள் உதிர்த்து அமுங்கும். ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தால் வெள்ளையாகத் தூள் ஒட்டும். இந்த மெத்தையில் அது இல்லை.

மேல் அடுக்கு மெமரி ஃபோம்தானா என்று பார்ப்பது சுலபம். உள்ளங்கையைப் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் கைத்தடம் மெல்ல மெல்ல மேலே வர வேண்டும். கையை எடுத்ததும் துள்ளி எழுந்தால் அது சாதா ஃபோம். இதில் தடம் மெதுவாகத்தான் எழுந்தது. சித்திரை மதியத்தில் சீக்கிரமாகவும், இரவு ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது நன்றாகத் தாமதமாகவும் எழுந்தது. இந்த வித்தியாசம் முக்கியமானது.

குளிர் நாட்டுச் சரக்கு

மெமரி ஃபோம் பிறந்தது படுக்கைக்காக இல்லை. 1966இல் நாசாவுக்காகச் சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்க உருவாக்கியது. அதைப் படுக்கையாக்கி விற்கத் தொடங்கியது ஸ்வீடன் நிறுவனமான ஃபாகர்டாலா, 1991இல். சாதாரண பாலியூரித்தேன் ஃபோம்தான் இதுவும். ஆனால் வேதிச் சேர்க்கையை மாற்றி, அறை வெப்பநிலையை ஒட்டிய சூட்டில் இளகும்படி செய்திருப்பார்கள். உடம்புச் சூடு பட்ட இடம் இளகிக் குழியும், படாத இடம் விறைப்பாக நிற்கும். தோள், இடுப்பு, குதிகால் என்று துருத்திக்கொண்டிருக்கும் இடங்களுக்கு மெத்தை வழிவிடுவது இதனால்தான்.

குளிரான படுக்கையறையில் இந்த வித்தை கச்சிதமாக வேலை செய்யும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், பகல் முழுக்கக் கான்கிரீட் உறிஞ்சிய வெயில் இரவெல்லாம் தலைக்கு மேல் இறங்கும் சித்திரையில், படுப்பதற்கு முன்பே மெத்தை முழுவதும் இளகியிருக்கும். சூடு பட்ட இடம், படாத இடம் என்ற வித்தியாசமே குறைந்துபோகும். அக்கா அறையில் ஏசி 25இல் ஓடும், நள்ளிரவுக்குப் பிறகு டைமரில் நின்றுவிடும். அதுவரை ஒரு மெத்தை, அதன் பிறகு இன்னொரு மெத்தை. மார்கழியில் இரவுச் சூடு 20 டிகிரியை ஒட்டி இறங்கியபோது மறுபடி விறைப்பு வந்தது. மாமா அந்த மாதம் மட்டும் குறை சொல்லவில்லை. கடையில் ஐந்து நிமிடம் படுத்துப் பார்த்து மெமரி ஃபோம் வாங்குவதில் இருக்கும் சிக்கல் இதுதான். கடையில் ஏசி இருக்கும்.

உடம்பைச் சுற்றி அணைத்துக்கொள்ளும் எந்த ஃபோமும் சூட்டை லேசில் வெளியே விடாது. 'கூல் ஜெல்' என்று நீலப் பொட்டுகள் கலந்து விற்கிறார்கள், இதிலும் இருந்தது. ஜெல் முதலில் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும், படுக்கும்போது குளுமையாகத் தெரியும். பிறகு அதுவும் உடம்புச் சூட்டுக்கே வந்து நின்றுவிடும். இரவு முழுக்கக் குளிரவைக்க அதற்கு வழியில்லை. அக்கா வாங்கியிருந்த வாட்டர்ப்ரூஃப் உறை இன்னும் மோசமாக்கியது. பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அந்த உறை வியர்வையை மேலேயே நிறுத்தியது. போதாக்குறைக்கு இழுத்து மாட்டியதால் மேலே விறைத்து நின்று, கீழே உள்ள ஃபோமைக் குழியவே விடவில்லை. அதைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பருத்தி விரிப்பைத் தளர்வாகப் போட்ட அன்றே அக்கா வித்தியாசத்தைச் சொன்னாள். கொடுத்த காசில் பாதியை ஓர் உறை மறைத்து வைத்திருந்தது.

அக்கா

அக்காவுக்கு 54 கிலோ. இடது பக்கமாக ஒருக்களித்துத்தான் தூங்குவாள். இரண்டு வருடமாகத் தோள்பட்டை வலி. இதற்கு முன் இருந்தது பழைய காயர் (தேங்காய் நார்) மெத்தை, நடுவில் தொட்டி விழுந்தது. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு மொத்த எடையும் தோளிலும் இடுப்பெலும்பிலும் இறங்கும். கெட்டியான மெத்தை என்றால் தோள் நசுங்கும், இடுப்புக்கும் விலாவுக்கும் நடுவே இடைவெளி நிற்கும்.

வீட்டில் இருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, அக்காவின் முதுகெலும்பு முடிச்சுகள் மேல் கழுத்துக்குக் கீழிருந்து இடுப்பு வரை சட்டையின் மேலேயே வரிசையாக ஒட்டினாள் மகள். அக்கா வழக்கம்போல் ஒருக்களித்துப் படுத்ததும் பின்னால் இருந்து, மெத்தை மட்டத்தில் கைபேசியை வைத்து ஒரு படம். பொட்டு வரிசை மெத்தைக்கு இணையாக நேராக ஓடினால் சரி. நடுவில் தொய்ந்தால் இடுப்பு அதிகம் இறங்குகிறது. மேலே வளைந்தால் தோள் இறங்க இடமில்லை. அக்காவின் பொட்டுகள் கிட்டத்தட்ட நேர்கோடு. கழுத்தில் மட்டும் மேலே தூக்கியது. தலையணைதான் காரணம். தோள் ஒரு இன்ச் உள்ளே போனால் தலையணையும் அந்த அளவுக்குத் தாழ வேண்டும். காயர் மெத்தைக்கு வாங்கிய உயரமான தலையணையை அப்படியே இதிலும் வைத்திருந்தாள். இலவம் பஞ்சைக் கொஞ்சம் எடுத்துவிட்டுத் தைத்ததும் கழுத்தும் நேரானது. புது மெத்தை வாங்கிக் கழுத்து வலிக்கிறது என்று திட்டுபவர்கள் முதலில் தலையணையைப் பார்க்க வேண்டும்.

அவளுக்கு இந்த மெத்தை ஏன் பொருந்தியது என்றால், 54 கிலோ உடம்பு அந்த ஒரு இன்ச் அடுக்கைத் தாண்டி அதிகம் கீழே போகவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளை முழுதாக அனுபவித்தவள் அவள் ஒருத்திதான்.

மாமா

மாமாவுக்கு 96 கிலோ. மல்லாந்து படுப்பார், விடியற்காலையில் குப்புறத் திரும்புவார். முதல் சில வாரம் அவரும் மெத்தையைப் புகழ்ந்தார். பிறகு எழுந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். குளித்து, நடமாடி, பத்து மணி ஆனால் வலி போய்விடும். "மாப்ள, ராத்திரி பூரா குழிக்குள்ள கெடந்த மாதிரி இருக்கு" என்றார்.

குழி உண்மையாகவே இருந்தது. மல்லாந்து படுத்திருக்கும்போது பக்கவாட்டில் எடுத்த படத்தில் தோளை விட இடுப்பு நன்றாகத் தாழ்ந்திருந்தது. இடுப்புக்கு மேலே உள்ள வளைவில் கையை நுழைத்துப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை கெட்டி, கொஞ்சம் உரசிக்கொண்டு போனால் சரி. மாமாவுக்குக் கை நுழையவே இல்லை. அவர் எடைக்கு மேல் அடுக்கின் ஒரு இன்ச் அப்பளமாகிவிடுகிறது. அதன் பிறகு அவர் படுத்திருப்பது 27 டென்சிட்டி சாதா ஃபோமின் மேல். மனித உடம்பில் கனமான பகுதி இடுப்பு. அந்த ஃபோம் இடுப்புக்கு வழிவிட்டது, ஆனால் தோளையும் காலையும் மேலே நிறுத்தியது. குப்புறப் படுத்தால் இன்னும் மோசம். வயிறு கீழே இறங்கி, முதுகு பின்பக்கமாக வளைந்து, கீழ் முதுகின் மூட்டுகளில் பாரம் ஏறும். நடுவில் முட்டி போட்டு நின்று பார்க்கச் சொன்னேன். கட்டிலின் பிளைவுட் முட்டியில் தட்டுப்பட்டது.

மாமாவின் அம்மா உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார்: தரையில் பாய் போட்டுப் படு. நம் ஊரில் பல டாக்டர்களும் இதையே சொல்வார்கள். மாமா ஆடி மாதம் முழுக்கத் தரையில் படுத்தார். இடுப்பு வலி அப்படியே இருந்தது, தோளும் சேர்ந்து வலித்தது. எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கையை ஸ்பெயினில் முறையாகவே சோதித்திருக்கிறார்கள். 2003இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு அது. நாள்பட்ட கீழ் முதுகு வலி உள்ள 313 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, மீதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்தார்கள். நடுத்தரக் கெட்டி மெத்தைக்காரர்களுக்குத்தான் வலியும் முடக்கமும் அதிகம் குறைந்திருந்தது. அது மெமரி ஃபோம் பற்றிய ஆய்வு இல்லை, கெட்டித்தனம் பற்றியது. ஆனால் நடுத்தரம் என்பது யாருக்கு நடுத்தரம் என்ற கேள்வி இருக்கிறது. அக்காவுக்கு நடுத்தரமாக நிற்கிற மெத்தை மாமாவுக்குத் தொளதொள. சீட்டில் 'மீடியம் ஃபர்ம்' என்று அச்சடித்தவர் எத்தனை கிலோ ஆளை மனதில் வைத்து அச்சடித்தார் என்று எந்த நிறுவனமும் சொல்வதில்லை.

காலையில் விறைப்பாக இருந்து, நடமாடினால் சரியாகும் வலிக்குத்தான் மெத்தையைச் சந்தேகப்படலாம். வலி காலுக்குள் இறங்கினாலோ, மரத்துப்போனாலோ மெத்தைக்கடைக்காரனிடம் வரக் கூடாது. டாக்டரிடம் போக வேண்டும்.

திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். 100 இரவு படுத்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்றுதான் விற்றார்கள். இந்த வசதி நல்லதுதான், ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிடிக்காமல் போவது முதல் வாரத்தில் தெரியும். ஃபோம் அமுங்குவது அதன் பிறகுதான் தெரியும். மாமாவுக்கு வலி நிலைத்தபோது ஆடி முடிந்துவிட்டது, கெடுவும் முடிந்துவிட்டது. அதற்கு மேல் வாரண்டி. ஒரு நூலை மெத்தையின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இறுக்கிப் பிடித்து, நடுவில் ஸ்கேல் வைத்து அளந்தோம். ஆள் படுக்காமலே மாமா பக்கத்தில் ஒரு இன்ச் பள்ளம். அக்கா பக்கத்தில் ஸ்கேலில் படிக்கும் அளவுக்கு ஒன்றுமில்லை. வாரண்டி சீட்டில் ஒன்றரை இன்ச்சுக்கு மேல் இருந்தால்தான் குறை என்று எழுதியிருந்தது. பல நிறுவனங்களின் சீட்டிலும் ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் என்றுதான் இருக்கும். அதற்கும் குறைவான பள்ளம் இடுப்பை வலிக்கவைக்கப் போதும்.

தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றிப் போட்டதில் கொஞ்ச நாள் தேவலாம் என்றார். புது மெத்தையை முதல் வருடத்தில் அடிக்கடி இப்படிச் சுற்றிப் போடுவது நல்லது. கவிழ்த்துப் போடக் கூடாது, மெமரி அடுக்கு கீழே போய்விடும்.

மாமாவின் அம்மா, பையன், மகள்

அத்தைக்கு, அதாவது மாமாவின் அம்மாவுக்கு, எழுபது தாண்டிவிட்டது. 45 கிலோ இருப்பார். முட்டி வலி உண்டு. கீழ்த்தளத்தில், ஏசி இல்லாத அறையில் படுப்பவர். மாமா தரையில் படுத்த ஆடியில் மெத்தையைக் கீழே இறக்கி அத்தைக்குக் கொடுத்தார்கள். எடை குறைவாக இருப்பதால் அவருக்குப் பொருந்தும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். படுத்த பிறகு அவருக்கு முதுகில் எந்தத் தொந்தரவும் இல்லை. எழுந்திருப்பதில்தான் வினை. "தம்பி, இது ஆளை உள்ள இழுக்குதுப்பா. எந்திரிக்கணும்னு கைய ஊனுனா கையும் சேந்து உள்ள போகுது" என்றார்.

இரவில் பாத்ரூம் போக இரண்டு, மூன்று தடவை எழுந்திருக்கும் வயது. திரும்பிப் படுக்க, கையை ஊன்ற, ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தரையில் வைக்க என்று ஒவ்வொன்றுக்கும் கெட்டியான பிடிமானம் வேண்டும். விலை குறைந்த ஃபோம் மெத்தையின் பெரிய பலவீனம் ஓரம்தான். உட்கார்ந்தால் சரிந்து கொடுக்கும். கால் வழுக்கி விழுந்தால் அந்த வயதில் இடுப்பெலும்பு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மெத்தையின் உயரமும் பிரச்சினையானது. ஏற்கெனவே உயரமான பழைய கட்டில், அதன் மேல் 6 இன்ச். உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை.

சூடும் தாங்காமல் அத்தை மெத்தையின் மேல் முசிறிக் கோரைப்பாயை விரித்துப் படுத்தார். சூடு குறைந்தது உண்மைதான். ஆனால் பாய் விரித்த பிறகு அது மெமரி ஃபோமாக வேலை செய்யாது, சாதாரணத் திண்டுதான். அந்த வாரத்தோடு தன் இலவம் பஞ்சு மெத்தைக்கே திரும்பிவிட்டார். போடிநாயக்கனூர்ப் பக்கம் இன்றும் இலவம் பஞ்சுத் தொழில் நடக்கிறது. மூன்று இன்ச் உயரம், காற்று போகும், கை ஊன்றினால் நிற்கும். கட்டி தட்டினால் பிரித்து அடித்துத் திரும்ப அடைக்க வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை. அவருக்கு அது சரி.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, படுக்கைப் புண் வராமல் இருக்க மெமரி ஃபோம் போதும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். அதற்குக் காற்று மாறி மாறி ஏறி இறங்கும் ஏர் பெட் இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க ஆளும் வேண்டும்.

பையனைப் பற்றி எழுத அதிகம் இல்லை. இருபது வயது, 60 கிலோ, குப்புறப் படுத்துக் கைபேசி பார்த்தபடியே தூங்கிப்போவான். லீவுக்கு வந்தபோது அக்கா பக்கத்தில் சில இரவு படுத்தான். நல்லா இருக்கு என்றான். அந்த வயதில் எங்கே படுத்தாலும் நல்லாத்தான் இருக்கும், அவன் சாட்சியத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மகள் ஐப்பசியில் வந்தாள், எட்டாவது மாதம். கடைசி மூன்று மாதம் ஒருக்களித்துப் படுக்கத்தான் சொல்வார்கள். இடுப்புக்கு இந்த மெத்தை இதமாக இருந்தது. முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொண்டதும் இடுப்பு இழுப்பதும் குறைந்தது. ஆனால் புரள்வதுதான் பெரும்பாடு. குழிந்த இடத்திலிருந்து வயிற்றைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறித் திரும்ப வேண்டியிருந்தது. கர்ப்ப காலத்தில் உடம்புச் சூடு வேறு அதிகம். பாட்டி வழியில் அவளும் கொஞ்ச நாளில் இலவம் பஞ்சுக்குப் போனாள், கீழே ஒரு மெல்லிய ஃபோம் ஷீட் போட்டு.

குழந்தை பிறந்து வந்த பிறகு ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருந்தேன். பிள்ளையை இந்த மெத்தையில் படுக்கவைக்கவே கூடாது. கைக்குழந்தை கவிழ்ந்தால் முகம் ஃபோமில் புதையும், தலையைத் தூக்கத் தெரியாது, மூச்சு முட்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் உட்பட எல்லோரும் ஒரு வயது வரை சமமான, கெட்டியான தளத்தில், மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்வது இதனால்தான். பக்கத்தில் மெத்தென்ற தலையணைகளும் வேண்டாம். பகலில் 'சும்மா பத்து நிமிஷம்' என்று போடுவதும் இதில் சேரும்.

மழைக்காலம்

ஐப்பசி அடைமழையில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது அடிப்பக்க உறையில் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஊர், ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும். கட்டிலில் பிளைவுட் ஒரே பலகையாக, ஓட்டை இல்லாமல் அடிக்கப்பட்டிருந்தது. இரவு முழுக்க இறங்கும் வியர்வை ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. தச்சரைக் கூப்பிட்டு பிளைவுட்டில் வரிசையாக ஓட்டை போடச் சொன்னோம். புதுக் கட்டில் செய்பவர்கள் இரண்டு, மூன்று இன்ச் இடைவெளி விட்டு ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) அடிக்கச் சொல்வது நல்லது. அதற்கு மேல் இடைவெளி விட்டால் ஃபோம் அதற்குள் தொய்யும்.

அக்கா செய்யப் பார்த்தது எல்லா வீட்டிலும் செய்வதுதான்: மழை விட்டதும் மொட்டை மாடியில் வெயிலில் போடுவது. பஞ்சு மெத்தைக்கு அது மருந்து. பாலியூரித்தேன் ஃபோமுக்கு வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகி, நொறுங்க ஆரம்பிக்கும். நிழலில் சுவரோரமாக நிமிர்த்தி வைத்து ஃபேனைத் திருப்பிவிட்டால் போதும். துவைக்கவும் கூடாது, உள்ளே போன தண்ணீர் லேசில் வெளியே வராது. காபி கொட்டினால் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக் காற்றில் உலர விடுவதோடு சரி.

புதிதாகப் பிரித்த நாளில் வந்த வாடையைப் பற்றியும் பலர் பயப்படுவார்கள். ஃபோம் தயாரிப்பில் தங்கிய ரசாயன வாயுக்கள் வெளியேறும் வாடை அது. ஜன்னலைத் திறந்து வைத்து, இரண்டு மூன்று நாள் யாரும் படுக்காமல் விட்டால் அடங்கிவிடும். வீசிங் உள்ளவர்கள் இன்னும் சில நாள் தள்ளிப் படுக்கலாம்.

அறுத்தது

தை மாதத்தில் ஒரு முடிவுக்கு வந்தோம். கட்டில் ஆறரைக்கு ஆறு. 72 இன்ச் அகலத்தை நடுவில் பிரித்தால் 36, 36. அதுவே நம் ஊர் சிங்கிள் மெத்தை அளவு. ஒரே கட்டிலில் இரண்டு பேருக்கு ஒரே மெத்தைதான் என்று சட்டம் ஒன்றும் இல்லை. வாரண்டியால் இனி பயனில்லை என்று தெரிந்துவிட்டதால் அறுப்பதற்குத் தயக்கமும் இல்லை. எனக்குத் தெரிந்த ஃபோம் கடையில் மின்கத்தியால் நேராக அறுத்துக் கொடுத்தார்கள். பழைய உறையையே பிரித்து இரண்டு உறையாகத் தைத்தார்கள்.

அறுத்த முகத்தில் மெத்தையின் ஜாதகம் தெரிந்தது. மேலே நீலப் பொட்டுகளோடு வெளிர் வெள்ளை அடுக்கு, டேப் வைத்தால் 22 மில்லிமீட்டர், ஒரு இன்ச்சுக்கு மூன்று மில்லிமீட்டர் குறைவு. அதன் கீழே மஞ்சள் கலந்த பசைக் கோடு. அதற்கும் கீழே சாம்பல் நிற அடி ஃபோம், பெரிய பெரிய துளைகளோடு. விரலால் அழுத்தினால் மேல் அடுக்கு தயங்கித் தயங்கி எழுந்தது, அடி ஃபோம் உடனே எழுந்தது. கடைக்காரர் அடி ஃபோமைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இது சோஃபாவுக்கு அடைக்கிற சரக்கு சார்" என்றார். அவர் தன் சரக்கை விற்கத்தான் அப்படிச் சொன்னார் என்றாலும், தராசு சொன்னதற்கு அது ஒத்துப்போனது.

அக்கா பக்கத்துப் பாதி அப்படியே கட்டிலின் இடப்புறத்துக்குப் போனது. மாமாவுக்கு 5 இன்ச் ரப்பரைஸ்டு காயர், அதன் மேல் அரை இன்ச் சாதா ஃபோம், 7,000 ரூபாய்க்குள் அடங்கியது. ஆக மொத்தச் செலவு 19,000 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. முதலிலேயே இரண்டு சிங்கிள் மெத்தையாகப் பார்த்திருந்தால் நாலாயிரமாவது மிஞ்சியிருக்கும். காயர் பக்கத்தில் கையை நுழைக்கும் சோதனையில் கை உரசிக்கொண்டு போனது. காலை விறைப்பு முழுதாகப் போகவில்லை, ஆனால் காபி குடித்து முடிப்பதற்குள் விட்டுவிடுகிறது என்கிறார். பள்ளம் விழுந்த மற்றப் பாதி பையனின் அறைக்குப் போனது. இடுப்பு வரும் இடம் மாறட்டும் என்று தலைமாட்டை மாற்றிப் போட்டிருக்கிறோம்.

இரண்டு மெத்தைக்கும் நடுவில் அரை இன்ச் உயர வித்தியாசம் வந்தது. காயர் பக்கம் தாழ்வு. மாமா பக்கத்து மெத்தைக்கு அடியில் பழைய பவானி ஜமுக்காளத்தை மடித்துப் போட்டதில் மட்டமாகிவிட்டது. நடுக்கோட்டில் ஒரு பிளவு இருக்கத்தான் செய்கிறது. அகலமான ஒரே விரிப்பை இரண்டுக்கும் சேர்த்துச் செருகிவிட்டால் தெரிவதில்லை. காயர் பக்கத்தில் பள்ளம் விழுகிறதா என்று அடுத்த சித்திரைக்கு நூல் பிடித்துப் பார்க்க வேண்டும்.